கிணறு தனியாருடையது, நீர் யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் மேடையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஓர் அறிவுரை தவறாது வந்து சேர்கின்றது. கிணற்றைத் துப்புரவாக வைத்திருங்கள், நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் பருகுங்கள் என்பதே அது. கேட்பதற்கு நல்லறிவுரைதான். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் பரவும் காலத்தில் உயிர்காக்கும் அறிவுரையுமாகும். ஆயின் குடாநாட்டின் நீருக்கு இன்று நேர்ந்துள்ள கேட்டினை முழுமையாக எடுத்து நோக்கும்போது, இவ்வறிவுரை பொறுப்பினை உரியவர்களின் தோளிலிருந்து இறக்கி, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையிற் சுமத்தும் உபாயமாகவே மாறிவிடுகின்றது.

சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். சந்தையாலும் மின்னிலையத்தாலும் பெயர்பெற்ற இச்சிறு பட்டினத்தில், மின்னிலைய வளவைச் சூழ்ந்த பகுதிகளிற் கிணற்றுநீரில் எண்ணெய் மணக்கின்றதென மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட சோதனைகளில், பரிசோதிக்கப்பட்ட கிணறுகளிற் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கத்தக்க அளவினை விஞ்சி நின்றமை தெரியவந்தது. பின்னர் மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அபாயகரமான பெற்றோலியச் சேர்வைகள் காணப்படவில்லை எனக் கூறியது. எண்ணெய் போர்க்காலத்திற் சேதமுற்ற தாங்கியிலிருந்து கசிந்ததா, பின்வந்த தனியார் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவா என்ற வழக்காடலும் இதனோடு சேர்ந்துகொண்டது. எண்ணெயின் வரலாற்றை ஆராய்வதிற் காட்டப்பட்ட அக்கறை, அன்று மாலை குழந்தைக்கு எந்தத் தண்ணீரிற் பால்மா கரைப்பது என்ற கேள்விக்குக் காட்டப்படவில்லை. குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா என்று கேட்டவனுக்குக் கிடைத்த விடை, பவுசர் வரும் நேரம் மட்டுமே.

உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்தவேண்டும் என்னும் கோட்பாட்டினை ஏற்று, மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது. இலங்கையின் சுற்றுச்சூழற் சட்டத்தில் இது குறிப்பிடத்தக்க தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தீர்ப்பினைச் சுட்டி, நீதி கிடைத்துவிட்டது, இனிப் பேச என்ன இருக்கின்றது என்று அமைதி கொள்வோர் இரண்டு விடயங்களை மறந்துவிடுகின்றனர். பணம் கிணற்றடிக்கு வரலாம். சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுட் புகுந்த எண்ணெய் அதன் பொருட்டு வெளியேறிவிடாது. இஃது ஒன்று. மற்றையது இதனினும் பெரிது. எண்ணெய்க்கு நிறமும் மணமும் உண்டு. அதனாலேயே மக்கள் திரண்டனர், வழக்கும் நடந்தது. நிறமும் மணமும் சுவையுமற்ற ஒரு நஞ்சு வலிகாமத்துக் கிணறுகளிற் பல்லாண்டுகளாகக் கலந்து வருகின்றது. அதற்கெதிராக எவரும் வீதியில் இறங்கியதில்லை.

நைத்திரேற்று என்பதே அது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் ஓடி அடங்கும் வழுக்கையாற்றைத் தவிர்த்தால், மக்களுக்கு உள்ள ஒரே நீர் மயோசீன் காலச் சுண்ணக்கல்லினுள், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீர்தான். இக்கல் வடிகட்டியன்று; ஓட்டை நிறைந்த கூடை என்பதே பொருத்தம். மேலே செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் யூரியாவிற் பயிர் கொள்ளாத பங்கு, நீரோடு சேர்ந்து கீழிறங்கிவிடுகின்றது. மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அவ்வழியே செல்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றினை எல்லையாக வகுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்து நிற்பதை ஆய்வாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டிவிட்டனர். அதன் பின்னரும் ஆய்வுகள் வந்துகொண்டேயிருக்கின்றன.

இங்குதான் கொதிக்கவைக்கும் அறிவுரையின் வெறுமை வெளிப்படுகின்றது. கொதிநீர் பற்றீரியாவைக் கொல்லும். நைத்திரேற்றினைக் கொல்வதற்கு அஃது உயிரன்று. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். வெளிற்றும் தூளும் இதற்கு எதுவுஞ் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடத்தே இந்நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றலைக் குலைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யவல்லது. தாய்ப்பாலை விடுத்துப் பால்மாவில் வளரும் சிசுவுக்கே ஆபத்து மிகுதி. அறிவுரையை அப்படியே கைக்கொண்டு, நீரை நெடுநேரம் காய்ச்சி, மிகுந்த கவனத்தோடு பால் கரைக்கும் தாய், தன் கவனத்தாலேயே தீங்கினைக் கூட்டுகின்றாள். அவளை அறியாமை உடையவள் என்று கூறும் உரிமை, அவளுக்கு அறிவிக்காதவர்க்கு இல்லை.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. இவ்விதியைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஏக்கருக்குப் 16 பரப்பு. எனவே ஒரு பரப்புக் காணி சதுரமாயின், அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. அதற்குள் வீடும் அடுப்படியும் கிணறும் குழியும் அமைதல் வேண்டும். ஒரு மூலையிற் கிணற்றையும் எதிர்மூலையிற் குழியையும் வைத்துத் தன் வளவுக்குள் விதியைக் காத்துக்கொண்டாலும், வேலிக்கு அப்பால் அயலவன் தன் குழியை எங்கே வெட்டினான் என்பதை யார் அளந்தார்? சீதனத்துக்கென ஐந்து பரப்பு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி வந்த பட்டினத்தில் இவ்விதி காகிதத்தில் மட்டுமே உயிர் வாழ்கின்றது. காணியைப் பிரித்து எழுதும் நொத்தாரிசும், கட்டட அனுமதி வழங்கும் சபையும் இதனை அறியாதவர்கள் அல்லர். வேலியால் நிலத்தைப் பிரிக்கலாம். சுண்ணக்கல்லுக்குள் வேலி ஏது?

கிணறு காணிக்காரனுடையது, ஆகவே நீரின் நலமும் அவன் பொறுப்பே என்னும் வாதம் இதனோடு வலுவிழந்துவிடுகின்றது. கட்டுச்சுவரை உயர்த்துவதும், குழந்தை விழாதபடி வலையிடுவதும், ஆண்டுக்கொருமுறை இறைத்துச் சேறு அள்ளுவதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை, செய்யவேண்டியவை. அடுத்த தோட்டத்தின் பசளையையும் அயல் வளவின் குழியையும் மின்னிலையத்தின் கழிவையும் தடுப்பது எந்த வீட்டாலும் இயலாதது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே நீரெடுப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. மின்மோட்டார் அவ்வெல்லையை அகற்றிவிட்டது. ஒருவன் மிகுதியாக இறைத்தால் மேலெழும் உவர்நீர் அவனுடைய கிணற்றோடு நின்றுவிடுவதில்லை.

கடல்நீர் குழாயில் வரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்போர் இன்று பெருகியுள்ளனர். இரணைமடு நீரைக் கொணரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்து, அவ்விடத்தைக் கடல் எடுத்துக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டிற் திறந்துவைக்கப்பட்டது. அதனை எதிர்ப்பதற்குக் காரணமில்லை. ஆயின் குழாயைக் காட்டிக் கிணற்றைக் கைவிடலாம் என்னும் எண்ணம் எதிர்க்கப்படவே வேண்டும். குழாய்நீருக்குக் கட்டணம் உண்டு. இணைப்புக்கும் பணம் வேண்டும். இவற்றைச் செலுத்த இயலாதவன் பழைய கிணற்றையே நாடுவான். போத்தல் நீரை வாங்குபவனும் குழாய் நீரைப் பெறுபவனும் கிணற்றைப் பற்றிய கவலையிலிருந்து விடுபட்டபின், அதற்காகக் குரலெழுப்ப எஞ்சியிருப்போர் குரலற்றவர்களே. நிலத்தடிநீர் கெடுவதற்கான இறுதி அனுமதி அவ்வாறுதான் வழங்கப்படும்.

கல்விமான்களும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்பமுடியாது. கிணறுகளிலிருந்து மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்தில் அளந்து, ஆங்கிலத்திற் கட்டுரை எழுதி, மாநாட்டிற் படித்து, பதவியுயர்வுக் கோவையிற் சேர்த்த பின், மாதிரி தந்த வீட்டுக்குத் திரும்பிச்சென்று உங்கள் கிணற்றின் அளவு இதுவெனச் சொன்னவர் எத்தனை பேர்? போத்தலில் நீரை நிரப்பிக் கொடுத்த அம்மா விடையை எதிர்பார்த்தே கொடுத்தார். அவருடைய கிணறு வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிட்டது. புள்ளிக்கு விடை சொல்லவேண்டிய கடமை ஆய்வுமுறையியலில் இல்லைப் போலும். மக்களைப் பீதிக்குள்ளாக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சுன்னாகத்தில் மக்களைப் பீதிக்குள்ளாக்கியது தகவல் அன்று. ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளும் அவற்றுக்கிடையே நிலவிய மௌனமுமே என்பதை இவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கோரப்படுவது பெருந்திட்டம் அன்று. பெரும்போகத்து மழைக்குப் பின் ஒருமுறையும், கோடையின் முடிவில் ஒருமுறையும் குடிநீர்க் கிணறுகள் சோதிக்கப்படல் வேண்டும். முடிவு தமிழில், அவ்வீட்டாரின் கையில், குடிக்கலாம், குழந்தைக்குக் கொடுக்கலாகாது, குளிக்க மட்டும் என்னும் தெளிவான சொற்களிற் கொடுக்கப்படல் வேண்டும். சிசுவுள்ள வீட்டுக்கு மாற்றுநீர் முதலிற் செல்லல் வேண்டும். இதற்கு ஆளணி இல்லை, நிதி இல்லை என்று உள்ளூராட்சிச் சபைகள் கூறுவது வழக்கம். ஆதனவரி அறவிடுவதற்கு வீடுகளுக்கு இலக்கமிட்டுப் பதிவேடு பேணும் சபைகள், அந்த இலக்கங்களுக்கு எதிரே கிணற்றின் நைத்திரேற்று அளவினைக் குறிக்க இன்னுமொரு நிரலைக் கீறுவதற்கு எந்த நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்து நிற்கின்றன என்பதை அவையே கூறட்டும்.