தைலத்தின் பிறப்புச் சான்று

பொருளியல் வகுப்பில் நான் பல ஆண்டுகள் நடத்திய பாடங்களுள் ஒன்று, ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய 'லெமன்' சந்தைக் கட்டுரை. சரக்கின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரியுமானால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார், நல்ல சரக்கு வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார், மட்டமானதே எஞ்சும். 'லெமன்' என்பது பழுதான பழைய காரைக் குறிக்கும் அமெரிக்க வழக்கு. எலுமிச்சை மணக்கும் எண்ணெய்க்கே அது பொருந்திவரும் என்று அப்போது நான் நினைத்ததில்லை.

கேரளத்தில் காய்ச்சி வடிக்கப்படும் எலுமிச்சைப்புல் தைலத்தின் உயிர், சிட்ரால். அதே சிட்ராலைப் பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்தும், பைன் மரத்து டர்பன்டைனிலிருந்தும் தொழிற்சாலையில் தயாரிக்கலாம். மூலக்கூறு ஒன்றே, ஆகவே மூக்கு ஏமாறும், வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனையும் சில வேளை ஏமாறும்.

ஐசோடோப்பு அவ்வளவு எளிதில் ஏமாறாது. கார்பன்-14இன் அரை ஆயுள் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த பெட்ரோலியத்தில் அது எஞ்சியிருக்காது. அண்மையில் அறுத்த புல்லில் இருக்கும். டர்பன்டைன் சரக்கு இந்தச் சோதனையைத் தாண்டிவிடும், அதுவும் தாவரந்தானே! அங்கே கார்பன்-13 கைகொடுக்கிறது. எலுமிச்சைப்புல், கரும்பைப் போல 'சி4' வகை. பைனும் எலுமிச்சை மரமும் 'சி3'. சி4 தாவரங்களில் கார்பன்-13 சற்றுக் கூடுதல். புல்லின் மலிவான சிட்ராலை எலுமிச்சைத் தோல் எண்ணெயில் கலந்தாலும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். வனிலா வணிகத்தில் கார்பன்-13 செறிவூட்டிய சரக்கைச் சேர்த்து இக்கணக்கையே ஏமாற்ற முயன்றதும் உண்டு. மூலக்கூறின் எந்த இடத்தில் எந்த ஐசோடோப்பு இருக்கிறது என்று பார்க்கும் முறைகள் அதன்பின் கைகொடுத்தன.

அறிவியல் சரி. என் கவலை செலவைப் பற்றியது. வெளிநாட்டு வணிகர் கேட்கும் சான்றிதழுக்கான கட்டணம் கடைசியில் புல் அறுப்பவரின் கொள்முதல் விலையில் கழிக்கப்படும். பேரம் பேசும் வலு இல்லாதவர் தலையில்தான் எந்தச் செலவும் இறங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவுகள் மழையையும் நிலத்தின் உயரத்தையும் பொறுத்து மாறுபவை. நம் மலைகளின் அசல் மாதிரிகள் ஒப்பீட்டுத் தொகுப்பில் இல்லாவிட்டால், கலப்படமில்லாத தைலமும் ஐயத்துக்கு ஆளாகும்.

அந்தத் தொகுப்பு ஒரு பொதுப்பண்டம். தனியார் எவரும் தம் செலவில் அதை உருவாக்கித் தரமாட்டார். கன்னோஜில் 1991 முதல் மத்திய அரசின் நறுமண மேம்பாட்டு மையம் இருக்கிறது. லக்னோவில் மருத்துவ, நறுமணத் தாவரங்களுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வட்டாரவாரியாக, பருவந்தோறும் மாதிரி சேகரிக்கும் பொறுப்பை அரசு இவற்றிடம் பொதுச்செலவில் ஒப்படைக்கலாம். சோதனைக் கட்டணத்தையோ ஏற்றுமதியாளரிடம் வசூலிக்க வேண்டும். கலக்க வசதியும், கலந்தால் இலாபமும் உள்ள இடம் அதுவே.