பொதுப் பணம் வாங்கும் ஆய்வகம் கணக்குச் சொல்லட்டும்

நாட்டின் மிக உயர்ந்த அறிவியல் அங்கீகாரங்களில் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் மதிக்கப்பட்டது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு. 2021ஆம் ஆண்டுக்கான பரிசு 11 பேருக்கும், 2022ஆம் ஆண்டுக்கானது 12 பேருக்கும் அறிவிக்கப்பட்டது. இந்த 23 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. மருத்துவம், உயிரியல் பிரிவுகளிலும் இதே நிலைதான். மருத்துவக் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதி இடங்களில் பெண்கள் படிக்கும் நாட்டில், உயிரியல் ஆய்வகங்கள் ஆய்வு மாணவிகளின் உழைப்பால் ஓடும் நாட்டில், இப்படி ஒரு பட்டியல் தற்செயலாக அமைந்துவிடாது.

"திறமைக்குத்தான் பரிசு, ஆண் பெண் பார்ப்பதில்லை" என்பது வழக்கமான பதில். அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கலாம். பட்நாகர் பரிசுக்கு வயது வரம்பு 45 ஆக இருந்தது. முனைவர் பட்டம் முடிக்கவே முப்பதை நெருங்கிவிடும். அதன் பிறகு வெளியூரிலோ வெளிநாட்டிலோ சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு. அதற்கும் பிறகுதான் நிரந்தர வேலை, சொந்த ஆய்வகம், பேர் சொல்லும் கட்டுரைகள். ஒரு பெண்ணுக்குத் திருமணமும் பிரசவமும் குழந்தை வளர்ப்பும் வந்து சேர்வது சரியாக இந்த ஆண்டுகளில்தான். எல்லாருக்கும் ஒரே வரம்பு என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால், ஓட்டத்தின் நடுவே ஒருவரை மட்டும் நிற்க வைத்துவிட்டு, முடிவில் இருவரின் நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் பார்ப்பது நியாயம் ஆகாது.

பிற துறைகளைவிட உயிரி மருத்துவ ஆய்வில் இந்த இடைவெளி கூடுதலாக வலிக்கும். கணக்கையோ கட்டுரையையோ எடுத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தொடரலாம். நடந்துகொண்டிருக்கும் செல் வளர்ப்புப் பரிசோதனையை அப்படி நிறுத்திவைக்க முடியாது. சில நாட்களுக்கு ஒருமுறை வளர்ப்பு ஊடகத்தை மாற்றாவிட்டால் செல்கள் செத்துப்போகும். ஆய்வு விலங்குகளும் நோயாளிகளின் தொடர் பரிசோதனைகளும் யாருக்காகவும் காத்திருக்காது. கதிரியக்கப் பொருள்களையும் நச்சு வேதிப்பொருள்களையும் கர்ப்பிணி தவிர்ப்பது சரியான முன்னெச்சரிக்கை. ஆனால் அந்த வேலையை அவர் சார்பில் செய்ய ஓர் உதவியாளரைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. எனவே ஆய்வு இன்னொருவர் கைக்குப் போகிறது. கட்டுரையின் முதல் பெயரும் கூடவே போய்விடுகிறது.

சட்டம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு மாணவிகளுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்பு கொடுத்தது. 2017இல் மகப்பேறு பலன் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரம் ஆனது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. இடைவெளிக்குப் பிறகு ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தனித் திட்டங்கள் நடத்தின. ஆனால் மூன்றாண்டு உதவித்தொகை தீர்ந்த மறுநாள் அந்தப் பெண் எங்கே போவார்? திட்டம் அவரை ஆய்வகத்துக்குள் அழைத்து வந்தது, வேலைக்குள் சேர்க்கவில்லை. ஒப்பந்தப் பணியாளர் நிலை இன்னும் மோசம். திட்டம் முடியும் தேதிதான் அவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவையும் பெண்களின் சொந்தச் சிக்கலாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. உண்மையில் இழப்பு சமூகத்துக்கு. அதற்குச் சென்னையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பியிருந்த 1985இல், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் முதுநிலை மாணவி நிர்மலா செல்லப்பனிடம் அதை ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொன்னார். அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் போய்ப் பேசி, போதிய பாதுகாப்புக் கருவிகள்கூட இல்லாமல் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. 1986இல் அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நாட்டின் எய்ட்ஸ் தடுப்பு நடவடிக்கைகள் அனைத்துக்கும் தொடக்கம் அந்தக் கண்டுபிடிப்பு. சுனிதி பின்னாளில் ஒரு சிகிச்சை, ஆய்வு நிறுவனத்தையே கட்டியெழுப்பினார். மறைந்த பிறகு 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நிர்மலாவின் பெயரைப் பொதுமக்கள் அறிய ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.

யார் ஆராய்கிறார் என்பதைப் பொறுத்தே எது ஆராயப்படுகிறது, யாரிடம் ஆராயப்படுகிறது என்பதும் அமைகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து அது விலக்கி வைத்தது. 1993இல்தான் அது கைவிடப்பட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து 1992இல் அங்கே அனுமதி பெற்றது. ஆண்களைவிடப் பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே நீங்குகிறது என்பதால், பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கும்படி அதே நிர்வாகம் சொன்னது 2013இல். அதற்குள் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை காலமும் கூடுதல் அளவை விழுங்கியவர்கள் பெண்கள்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். பிரிட்டனில் உயர்கல்வி நிறுவனங்களின் பாலினச் சமத்துவத்தை மதிப்பிட 2005இல் அதீனா ஸ்வான் என்ற சாசனம் உருவானது. ஆரம்பத்தில் மருத்துவக் கல்லூரிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2011இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் சாலி டேவிஸ் ஓர் அறிவிப்பு செய்தார்: அந்தச் சாசனத்தின் வெள்ளி விருது பெறாத மருத்துவக் கல்லூரி, உயிரி மருத்துவ ஆய்வு மையங்களுக்கான அரசு நிதியின் தேர்வுப் பட்டியலில் இடம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுக்கணக்கில் அறிவுரையால் நகராத கல்லூரிகளை ஒரே ஒரு நிதி நிபந்தனை நகர்த்தியது.

இந்தியாவும் அதே மாதிரியைப் பின்பற்றி 2020இல் 'கதி' என்ற திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கியது. 30 நிறுவனங்கள் தேர்வாயின. நோக்கம் நல்லது. ஆனால் பிரிட்டனில் வேலை செய்த அந்த ஒரே கருவி, அதாவது நிதி நிபந்தனை, இங்கே சேர்க்கப்படவில்லை. நிபந்தனை வைத்தால் காகித வேலை பெருகும், அந்த வேலையும் பெண்கள் தலையிலேயே விழும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. நிர்வாகச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி பிரிட்டனே 2020இல் அதைத் தளர்த்தியது. ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. அதற்குத் தீர்வு படிவங்களைச் சுருக்குவது. நிபந்தனையைத் தூக்கியெறிவது ஆகாது.

தலைமைப் பதவிகளில் பெண்கள் வந்துவிட்டார்களே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 1942இல் தொடங்கிய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவுக்கு முதல் பெண் தலைமை இயக்குநராக நம் கலைச்செல்வி வந்தது 2022இல். எண்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வந்த ஒருவரைக் காட்டி, வழி திறந்துவிட்டது என்று சொல்வது அவருடைய சாதனைக்கே இழுக்கு.

நாம் கேட்பது இவைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் நிதியைப் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் நான்கு எண்களை வெளியிட வேண்டும்: ஆய்வு மாணவர், முதுமுனைவர் ஆய்வாளர், நிரந்தர விஞ்ஞானி, தலைமைப் பொறுப்பு ஆகிய நான்கு படிகளிலும் பெண்கள் எத்தனை பேர் என்பது. எந்தப் படியில் எண்ணிக்கை சரிகிறதோ அதற்கு விளக்கமும் திருத்தமும் தராத நிறுவனத்துக்கு அடுத்த நிதி நிறுத்தப்பட வேண்டும். வயதைக் கணக்கில் எடுக்கும் வழக்கத்தை விட்டு, ஆய்வில் இருந்த ஆண்டுகளை எண்ண வேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்க்கு 18 மாதம் கூட்டித் தருகிறது, நாமும் தரலாம். விடுப்புக் காலத்தில் ஆய்வைத் தொடர உதவியாளருக்குத் திட்ட நிதியிலேயே இடம் ஒதுக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கு விடுப்பு நாட்கள் அளவுக்குச் சம்பளத்துடன் ஒப்பந்தம் நீள வேண்டும். மீள்வருகைத் திட்டங்கள் நிரந்தரப் பணியிடங்களில் போய் முடிய வேண்டும். இரவில் பரிசோதனை நடக்கும் இடத்தில் பாதுகாப்பும் வீடு திரும்ப வாகனமும் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகும் இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை வெட்கக்கேடு.

இவற்றில் எதுவும் சலுகை கிடையாது. ஆய்வகங்கள் நடப்பது மக்கள் வரியில். அந்த வரியைக் கட்டுபவர்களிலும், ஆய்வுக்கு இரத்தம் தருபவர்களிலும், ஆய்வின் பிழைக்கு உடலால் விலை கொடுப்பவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்து, இளமையின் உழைப்பை வாங்கிக்கொண்டு, பொறுப்பு தரவேண்டிய நேரத்தில் வாசலுக்கு வெளியே விடும் நிறுவனம் அநீதி செய்கிறது. அதைத் தெரிந்தே தொடர்ந்து நிதி கொடுக்கும் அரசு அந்த அநீதிக்கு உடந்தை. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அடுத்த நிதி அறிவிப்பிலேயே இந்த நிபந்தனை இடம்பெற வேண்டும்.