கம்பி சுடுவது ஏன்?

மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் கணக்குக்குப் புலப்படும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் அதனை அளந்துகொள்ளலாம். இக்கணக்கு பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. 1976ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட நாள் முதலாகச் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் சீத்தா கேம்ப் மக்களாகிய நமக்கு, அது வீட்டையும் அண்டை வீட்டையும் காக்கும் கணக்காகும்.

முதலில் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்வோம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டி உயர்ந்திருந்தால் நீர் வேகமாகப் பாயும். அவ்வுயரத்தைப் போன்றது மின்னழுத்தம். அதன் அளவு வோல்ட். குழாயில் பாயும் நீரைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். குழாய் குறுகியிருந்தால் நீருக்குத் தடை உண்டாகுமன்றோ? அதைப் போன்றது மின்தடை. அதன் அளவு ஓம். இவையன்றி, நொடிதோறும் செலவாகும் ஆற்றலைத் திறன் என்பர். அதன் அளவு வாட்.

இவற்றுள் முதல் மூன்றுக்கும் உள்ள உறவை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானிய ஆசிரியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன். அவ்வளவே கணக்கு.

வெந்நீர் வைக்கும் ஹீட்டர் கம்பியில் 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது என்று கொள்வோம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 1500ஐ 230ஆல் வகுத்தால் அதில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 6.5 ஆம்பியர். 230ஐ 6.5ஆல் வகுத்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 35 ஓம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு இவ்வாறே கணக்கிட்டால் 4.3 ஆம்பியரும் 53 ஓமும் வரும். சூடேற்றும் கருவிகளுக்கு இக்கணக்கு நேராகப் பொருந்தும். மோட்டார் உள்ள விசிறி, மிக்ஸி முதலியவற்றிற்குச் சற்று வேறுபடும்.

இனிக் கம்பி சுடும் காரணத்துக்கு வருவோம். கருவியில் மட்டுமன்றி, அதற்கு மின்சாரம் கொண்டு வரும் கம்பியிலும் சிறு தடை உண்டு. ஆங்கிலேய அறிஞர் ஜூல் 1841இல் வெளியிட்ட ஆய்வின்படி, மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும். ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்!

மான்குர்டில் நாம் ஏறும் ஹார்பர் பாதை வண்டியே இதற்குச் சான்று. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடியபோது, மேற்கம்பியில் இருந்தது 1500 வோல்ட். 2016இல் ஹார்பர் பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. ஒரு வண்டிக்கு 30 இலட்சம் வாட் தேவை என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். முன்னைய முறையில் 2000 ஆம்பியர் ஓடவேண்டும். இப்பொழுதோ 120 ஆம்பியர் போதும். தடை மாறாதிருந்தால், கம்பியில் வீணாகும் சூடு ஏறத்தாழ 278இல் ஒரு பங்காகக் குறையும்! அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்ததன் பயன் இது.

இரயில்வே அழுத்தத்தை உயர்த்தலாம். வீட்டில் நாம் அவ்வாறு செய்ய இயலாது. ஓட்டத்தை அளவோடு வைப்பதொன்றே நம் கையில் உள்ளது. சிறிய எக்ஸ்டென்ஷன் போர்டுகள் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கே உரியவை. 6ஐ 230ஆல் பெருக்கினால் 1380 வாட். மேற்சொன்ன ஹீட்டர் கம்பி ஒன்றே அதனைத் தாண்டிவிடுகிறது. அதோடு இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினால் ஓட்டம் ஏறத்தாழ 10.9 ஆம்பியர். அந்தப் போர்டில் பிளக்கு தளர்ந்து, அரை ஓம் தடை ஏற்பட்டிருப்பின், அவ்வொரு புள்ளியில் மட்டும் 59 வாட் வெப்பம் எழும். பழைய 60 வாட் குண்டு விளக்கின் சூடு முழுவதும் ஒரு மிளகளவு இடத்தில் திரண்டால் பிளாஸ்டிக் என்னாகும்? முதலில் நாற்றம், பிறகு கருகல், அதன்பின் தீ. நெருங்கிய சந்துகளில் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

ஆகவே ஹீட்டர் கம்பிக்கு 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற தடித்த வயரும் வேண்டும். தளர்ந்த பிளக்கையும் சுடுகின்ற வயரையும் உடனே மாற்றுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது, குரைக்கும் காவல் நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். பியூஸ் எரிவது வீடு எரியாமல் இருப்பதற்காகவே.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 750 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 700 வாட் சோற்றுக் குக்கரையும் 6 ஆம்பியர் போர்டு ஒன்றில் ஒருசேர மாட்டலாமா? மாட்டினால் ஓட்டம் எவ்வளவு? போட்டுப் பார்த்து, விடையை முதலில் அம்மாவிடம் கூறுங்கள். அடுத்த திங்கள் இப்பகுதியில் சரிபார்ப்போம்.