இன்வெர்ட்டர் மின்சாரம் தயாரிக்காது

படகு வைத்திருக்கும் என் மாணவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இன்வெர்ட்டரை மாட்டி டிவி ஓட்டுவது மடத்தனம். இன்வெர்ட்டர் மின்சாரம் தயாரிக்காது. பேட்டரியில் இருப்பதைத்தான் 230 வோல்ட்டாக மாற்றித் தரும், அதிலும் கொஞ்சம் தானே தின்றுவிடும்.

கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 1200 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் போச்சு. ஆக, கையில் 600தான். டிவி, விளக்கு, ஃபேன் என்று 200 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் நடுக்கடலில் செல்ஃப் எடுக்காது, வயர்லெஸும் பேசாது.

"எஞ்சின் ஓடினா சார்ஜ் ஏறிடும் சார்" என்கிறீர்கள். வலையை விட்டு, எஞ்சினை அணைத்துக் கிடக்கும் இரவில் யார் ஏற்றுவது?

ஸ்டார்ட்டிங்குக்குத் தனி பேட்டரி வையுங்கள். போனுக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். 12 வோல்ட் கார் சார்ஜர் போதும். காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், டிவிக்கு இருந்ததே!