ஜீப்புக்காரன் கேட்கிற நல்ல சாலை

மலையில் கல்லும் மண்ணுமான தடத்தில் ஜீப் ஏற்றுவது எனக்கு உயிர். அந்த உரிமையில் சொல்கிறேன்: மனிதர்கள் குடியிருக்கும் இடத்துக்குப் போகிற ஒரு வழிகூட அப்படிக் கிடக்கக் கூடாது. அரசு அதற்குத் தார் போடட்டும். நாங்கள் ஓட்ட வேறு இடம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக்கடை. இழுவைக் கயிறும் கொக்கியும் வாங்க வந்த ஜீப்புக்காரர்கள்தான் எனக்கு மலையைக் காட்டிக்கொடுத்தார்கள். என் வண்டி பழைய மகிந்திரா. பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் கிடையாது. விடியுமுன் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினால் நெடுமங்காடு தாண்டி விதுராவில் முதல் சாயா. அங்கிருந்து பொன்முடிக்குப் போவது 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலை; யாரும் போகலாம். காணித்தடம் சோதனைச் சாவடி வழியாகப் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள்தான் எங்கள் கூட்டம்.

தடம் தேடுவதற்குச் செல்போன் வரைபடம் பாதி வழிக்குத்தான் உதவும். தோட்டத்துப் பழைய வண்டிப்பாதைகளைக் கண்ணால் படிக்கப் பழக வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி திணறாமல் ஏறுவதற்காக வெட்டிய பாதை மலையின் இடுப்பைச் சுற்றியே போகும். சரிவில் நேர் செங்குத்தாக ஏறுகிற சுவட்டைக் கண்டால் அது மழைநீர் அறுத்தது, இல்லையென்றால் எங்களைப் போன்ற யாரோ அறுத்தது. சக்கரம் பட வேண்டிய கல்லில் பாசி படிந்திருந்தால் அண்மையில் வண்டி எதுவும் போகவில்லை. மேலே மரம் விழுந்து கிடக்கலாம். இறங்கி நடந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

ஓட்டுவதற்கும் அதே பொறுமை வேண்டும். டயரில் காற்றை 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் ரப்பர் கல்லைக் கவ்வும். ஃபோர் வீல் லோவில் முதல் கியர். கிளட்ச் பக்கம் கால் போகக் கூடாது. பெரிய கல்லை வண்டிக்கு நடுவில் விட்டுக் கடக்கப் பார்ப்பவன் டிஃபரன்ஷியலை உடைத்துக்கொள்வான். சக்கரத்தை அதன் மேலேயே ஏற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், எஞ்சினை நம்பி விட்டால் அதுவே பிடித்து இறக்கும். ஸ்டீயரிங்கின் உட்பக்கம் பெருவிரலைக் கோத்துப் பிடிக்கக் கூடாது. கல் தட்டிச் சக்கரம் வெட்டினால் விரல் முறியும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் அதிகம். அவ்வளவு நேரமும் மனதில் கடையும் இல்லை, கடனும் இல்லை. இந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மழை ஓய்ந்த ஒரு மாலை, போணக்காட்டில் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்ற பாட்டி கை காட்டி வண்டியை நிறுத்தினார். “கீழ வளைவுல தண்ணி எம்புட்டு போவுது தம்பி? காலைல விதுரா ஆசுபத்திரிக்குப் போவணும்.” முழங்கால் அளவு இருக்கும் என்றேன். “அப்ப நடந்துரலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தத் தண்ணீரைக் கடந்த கதையைத்தான் வண்டிக்குள் நாங்கள் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தோம்.

தமிழ்நாட்டிலிருந்து தேயிலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தோட்டம் நொடித்த பிறகு நிலுவைக் கூலிக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் புறப்படுவது போணக்காட்டிலிருந்துதான். அங்கே பேய் பங்களா இருப்பதாகக் கேள்விப்பட்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களில் பலருக்கு லயத்தில் ஆள் குடியிருப்பதே தெரியாது.

இடுக்கியில் வழியின் நிலை இன்னும் கொடுமை. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது இடமலக்குடி. அங்கிருந்து நோயாளிகளைத் துணியில் கட்டிக் காட்டுவழியே சுமந்து வந்த செய்திகளை அதற்குப் பிறகும் படித்துக்கொண்டே இருந்தோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே போகும் வழியில், பெரியவாரையில் தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் மீட்பு வண்டிகள் சென்று சேரத் தாமதமானது. இதற்குப் பிறகும், “தார் போட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்கும் நண்பர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்படியானால் காட்டுக்குள் ஓட்டலாமே என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது. போணக்காட்டை ஒட்டியிருப்பது பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுற்றியுள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சட்டமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், பேப்பாறை அணைத் தண்ணீர் அருவிக்கரை வழியாக வந்துதான் திருவனந்தபுரம் நகரத்துக் குழாய்களில் விழுகிறது. மலை ஓடையில் சக்கரத்தைச் சுழற்றி சேறு கிளப்புகிறவன் தன் வீட்டுக் குடிநீரைத்தான் கலக்குகிறான்.

ஓட்டுவதற்கு இடமே இல்லையா? கொழுக்குமலையைப் பாருங்கள். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் விடுவதில்லை. உள்ளூர் ஜீப்பும் உள்ளூர் ஓட்டுநரும்தான். ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள் அவர்கள், வாடகையும் ஊரிலேயே தங்குகிறது. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்புக்காக ஜீப் சவாரிகளை நிறுத்திவிட்டு, பிறகு சோதித்துப் பார்த்துச் சில வழிகளை மட்டும் திறந்தது. எங்கள் கூட்டத்தில் பலர் கொதித்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. வண்டியும் வழியும் சோதிக்கப்படுவதில் நல்ல ஓட்டுநருக்கு என்ன நஷ்டம்?

நம் மாவட்டத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். வேலை நின்றுபோன கருங்கல் குவாரிகளில், ஆள் குடியில்லாமல், காட்டுக்கும் ஓடைக்கும் தள்ளியிருக்கிற இரண்டொன்றைத் தேர்ந்து மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் குழு தடம் குறித்துக் கொடுக்கட்டும். ஜூன் முதல் பெருமழை ஓயும் வரை பூட்டி வைக்கட்டும். வழி காட்டவும், மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து விடவும் லயத்து இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தட்டும். நுழைவுக் கட்டணம் வைத்தால் தாராளமாகக் கட்டுவோம். ஒரு செட் மட் டயருக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியும்.