கர்ப்பகாலமும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்: எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது?

கர்ப்பிணியை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடுப்பில் ‘சடக்’ என ஒலி எழுமாறு அழுத்தும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பெருகிவருகின்றன. முதுகுவலி நீங்கும், சுகப்பிரசவம் நடக்கும், வயிற்றில் திரும்பாத குழந்தையும் திரும்பிவிடும் என மூன்று வாக்குறுதிகள் அவற்றில் சேர்த்தே சொல்லப்படுகின்றன. இம்மூன்றையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. முதலாவதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. இரண்டாவதற்குப் போதிய சான்று இல்லை. மூன்றாவதை நம்பிக் காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம். இந்த வேறுபாட்டை நீங்கள் அறிந்து முடிவெடுக்க உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கிய கைம்முறை சிகிச்சை இது. முதுகெலும்பு மூட்டுகளைக் கைகளால் விரைவாக அழுத்தி அசைப்பதே இதன் மையச் செயல். அப்போது கேட்கும் ஒலி, விலகிய எலும்பு தன் இடத்தில் பொருந்தியதற்கான அடையாளம் அன்று. மூட்டினுள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைவதால் அவ்வொலி எழுகிறது.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இத்தொழில் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கெனத் தனி மன்றமே இயங்குகிறது. இந்தியாவில் கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்களுக்கென அத்தகைய தனி மன்றம் இல்லை. இயன்முறை சிகிச்சையாளர்கள் 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வருகின்றனர். ஆகவே, ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘கைரோபிராக்டிக்’ என்று எழுதியிருப்பதை மட்டும் கொண்டு, அங்குள்ளவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் பயின்றார் என்பதை நீங்கள் அறிய முடியாது.

முதுகுவலி: சான்றுகள் சொல்வது

கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு கட்டத்தில் முதுகுவலியையோ இடுப்புவலியையோ உணர்கின்றனர். வயிறு முன்னோக்கி வளர வளர உடலின் எடைமையம் மாறுகிறது. கீழ்முதுகின் வளைவு கூடுகிறது. வயிற்றுத் தசைகள் நீண்டு வலுவிழக்கின்றன. ஹார்மோன்களின் தாக்கத்தால் இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்கின்றன. இவ்வலியைக் ‘கர்ப்பம் என்றால் அப்படித்தான்’ என்று ஒதுக்கிவிடுவது தவறு. வீட்டிலும் மருத்துவமனையிலும் வலிக்குத் தீர்வு கிடைக்காதபோதுதான் பெண்கள் காணொளிகளை நாடுகின்றனர்.

கர்ப்பகால முதுகுவலி, இடுப்புவலி ஆகியவற்றுக்கான சிகிச்சைகள் குறித்து 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 34 ஆய்வுகளைச் சீர்தூக்கியது. கர்ப்பகாலத்துக்கேற்ற உடற்பயிற்சி முதுகுவலியைக் குறைக்கக்கூடும் என்று அது கூறியது. எனினும் அச்சான்றின் தரம் உயர்ந்ததன்று என்றும் குறிப்பிட்டது. கைம்முறை சிகிச்சைகளால் சிலருக்கு நிவாரணம் கிடைப்பதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் உடற்பயிற்சி, இயன்முறை சிகிச்சை ஆகியவற்றைவிடக் கைரோபிராக்டிக் மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எளிய, செலவில்லாத வழி கையருகே இருக்கும்போது அதையே முதலில் நாடுவது அறிவுடைமை.

குழந்தை திரும்பாதிருத்தல்: கவனம் தேவைப்படும் இடம்

பிரசவ நேரத்தில் குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிட்டமோ கால்களோ கீழ்நோக்கி இருந்தால் அதைப் பிட்டநிலை என்கிறோம். 28-ஆவது வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை இந்நிலையில் இருக்கும். நிறைமாதத்தில் இது 100-க்கு 3 அல்லது 4 எனக் குறைந்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் எவருடைய கையும் படாமல் தாமாகவே திரும்பிவிடுகின்றன.

‘வெப்ஸ்டர் முறை’ எனப்படும் கைரோபிராக்டிக் உத்தியின் புகழை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பைச் சமநிலைப்படுத்தினால் குழந்தை திரும்ப வழி பிறக்கும் என்பது அதன் வாதம். 82 சதவீத வெற்றி என்று விளம்பரங்களில் மேற்கோள் காட்டப்படும் எண், 2002-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அது சிகிச்சையாளர்களிடமே வினாத்தாள் அனுப்பிப் பெற்ற பதில். வினாத்தாள் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே பதிலளித்தனர். சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளோடு ஒப்பீடும் செய்யப்படவில்லை. ஒப்பீடு இல்லையெனில், திரும்பிய குழந்தைகளில் எத்தனை தாமாகவே திரும்பியிருக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இதில் இழப்பு பணம் மட்டுமன்று, காலமும்தான். பிட்டநிலைக் குழந்தையை, தாயின் வயிற்றின் மேலாகக் கைகளால் மெதுவாகத் திருப்பும் முறை மகப்பேறு மருத்துவத்தில் உண்டு. முதல் கர்ப்பமெனில் 36-ஆவது வாரம் முதலும், ஏற்கெனவே பிரசவித்தவரெனில் 37-ஆவது வாரம் முதலும் இதனை முயலலாம். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது பலனளிக்கிறது. இதைத் தொடர்ந்து உடனடி சிசேரியன் தேவைப்படுவது 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே உள்ளது. ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்து, அறுவை அரங்கு ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில், மகப்பேறு நிபுணரே இதைச் செய்ய வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர், இரத்தப்போக்கு உள்ளவர், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர் ஆகியோருக்கு இது செய்யப்படுவதில்லை. வீட்டிலோ வேறு நிலையங்களிலோ வயிற்றைத் தடவியும் அழுத்தியும் குழந்தையைத் திருப்ப எவரையும் அனுமதிக்காதீர்கள்.

‘இன்னும் நான்கு முறை வாருங்கள், திரும்பிவிடும்’ என்ற சொல்லை நம்பி இவ்வாரங்களைக் கடத்திவிட்டால், பனிக்குடம் உடைந்த பிறகே நீங்கள் மருத்துவமனையை அடைய நேரிடலாம். அப்போது தொப்புள்கொடி முன்னதாக நழுவி வரவும், உடல் வெளிவந்தபின் தலை சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே திட்டமிட்டால் இவ்வாபத்துகளைப் பெருமளவு தவிர்க்கலாம்.

ஆஸ்திரேலியா எடுத்த நிலைப்பாடு

இத்தொழிலை ஏற்று ஒழுங்குபடுத்தும் நாடு ஒன்றே இங்கு எல்லை வகுத்திருப்பது கருதத்தக்கது. ஆஸ்திரேலிய கைரோபிராக்டிக் வாரியம் 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், பிறவாக் குழந்தைக்கு நேரடி சிகிச்சை அளிக்கும் பயிற்சி கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்களுக்கு இல்லை என்றும், பிட்டநிலையைச் சரிசெய்யும் முறையாக இதை முன்வைக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை அழுத்தி அசைக்கும் சிகிச்சை செய்வதற்கு 2019-இல் விதித்துப் பின்னர் தளர்த்திய தடையையும், சுகாதார அமைச்சர்கள் வலியுறுத்தியதைத் தொடர்ந்து 2024 ஜூனில் அவ்வாரியம் மீண்டும் கொண்டுவந்தது. தொழிலின் சொந்த வாரியமே விலக்கிவைத்ததை விளம்பரத்தை நம்பி ஏற்பது முறையாகாது.

கழுத்தில் கைவைக்க விடாதீர்கள்

கழுத்தைச் சட்டெனத் திருப்பும் சிகிச்சைக்குப் பின், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இது அரிது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை நோயாளிக்கு முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இவ்வகைச் சிகிச்சையைத் தவிர்ப்பதே நன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

வலியைப் பரிசோதனை நாளில் தயங்காமல் சொல்லுங்கள். இடப்புறமோ வலப்புறமோ சாய்ந்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து உறங்குங்கள். நெடுநேரம் நிற்பதையும், குனிந்து பாரம் தூக்குவதையும் குறையுங்கள். நடைப்பயிற்சியும், இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத்தரும் பயிற்சிகளும் பெரும்பாலோருக்குப் போதுமானவை. மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி உண்ணாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை கர்ப்பகாலத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ஒன்பதாம் மாதம் தொடங்கியதும், ‘குழந்தையின் தலை கீழே உள்ளதா?’ என்று நீங்களே கேளுங்கள். இல்லையெனில், எங்கே, எப்போது பிரசவம் என்பதை அன்றே மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

கீழ்க்கண்டவற்றில் எது தோன்றினாலும், எந்தக் கைம்முறை சிகிச்சையையும் நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையெனில் 108-ஐ அழையுங்கள்:

• 37 வாரம் நிறைவதற்குள் விட்டுவிட்டு வரும் முதுகுவலி
• இரத்தப்போக்கு அல்லது நீர்க்கசிவு
• குழந்தையின் அசைவு குறைதல்
• காய்ச்சலோடு விலாப்புற வலி
• கால்கள் வலுவிழத்தல், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை
• கடும் தலைவலி, பார்வை மங்குதல்

இதற்கு முன்பே இத்தகைய சிகிச்சை பெற்றிருந்தால் அதை மறைக்க வேண்டா. அதற்காக உங்களை எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். என்ன செய்யப்பட்டது, எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்ற செய்தி உங்கள் மருத்துவருக்குத் தேவை. ஐயம் இருப்பின் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ 104 உதவி எண்ணிலோ கேட்டுத் தெளிவு பெறலாம்.