சாவி மக்கள் கையில்!

கீழ்க்கட்டளையிலே ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போய்ச் சொல்வது? "கவுன்சிலரிடம் சொல்" என்பார்கள் அக்கம்பக்கத்தார். சொன்னால் வருவார், வராமலும் இருப்பார். வராவிட்டால், அடுத்த தேர்தலில் கைகூப்பிக்கொண்டு வரும்போது வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம்.

அந்த நாலு கேள்விக்குப் பெயர்தான் ஜனநாயகம்!

அந்த நாலு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் நம் மக்கள் ஐந்து ஆண்டு நான்கு மாதம் தவித்தார்களே, தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் ஆயுள் முடிந்தது. 2022 மார்ச் 2-ஆம் நாள்தான் புதிய உறுப்பினர்கள் நகர மன்றங்களில் பதவி ஏற்றார்கள். இடையில் இருந்தவர் யார்? தனி அதிகாரி. அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? நாமல்ல. அவர் பதில் சொல்ல வேண்டியது யாருக்கு? நமக்கல்ல.

அரசியல் சட்டம் ஒரு மன்றத்துக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் ஐந்து ஆண்டு. அந்த ஆயுள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது 1992-இல் செய்த 73, 74-ஆவது திருத்தங்களின் கட்டளை. அப்படியிருக்க, மன்றமே இல்லாத காலம் ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்டுவிட்டது. ஒரு தலைமுறை இளைஞர்கள் வாக்குரிமை பெற்றும், தங்கள் வார்டுக்கு வாக்களிக்காமலே இருபத்து மூன்று வயதைத் தாண்டினார்கள். இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

எப்படி நேர்ந்தது இது? பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில், 2016 அக்டோபர் 4-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. வழக்கின் நோக்கத்தை நாம் குறைசொல்லவில்லை. பழங்குடி மக்களின் இடத்தைத் திருடிவிட்டு நடக்கும் தேர்தல் தேர்தலாகாது. ஆனால் நீதிமன்றம் தேர்தலே வேண்டாம் என்று சொல்லவில்லை. தவறைத் திருத்தி அந்த ஆண்டு இறுதிக்குள் நடத்தச் சொன்னது. மூன்று மாதத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று ஆண்டைத் தின்றது. வார்டு மறுவரையறை என்றார்கள். புதிய மாவட்டங்கள் என்றார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு மட்டும் தேர்தல் நடந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களுக்கோ 2022 பிப்ரவரி 19 வரை விடியவில்லை.

அந்தக் காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? 2019 கோடையில் பூண்டியும் புழலும் சோழவரமும் செம்பரம்பாக்கமும் வறண்டன. லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. 2020-இல் கொரோனா வந்தது, தெருக்கள் அடைக்கப்பட்டன, கூலி வேலை நின்றது. இந்த இரண்டு பேரிடரிலும் நம் வார்டுக்கென்று ஒரு பிரதிநிதி இல்லை. 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும், "சேரலாமா?" என்று விவாதிக்க அந்த ஊர்களில் ஒரு மன்றமும் உயிரோடில்லை. வீட்டைப் பிரிக்கவும் சேர்க்கவும் வீட்டுக்காரனைக் கேட்கவில்லை!

மன்றம் முடங்கினால் செய்ய வேண்டியது என்ன? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. பார்லிமெண்டுகளின் தாய் என்று புகழப்படும் லண்டனுக்கும் அதே 2019-இல் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதா, இருப்பதா என்று 2016 ஜூன் 23-இல் அங்கே மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 52 பேர் வெளியேறு என்றார்கள். எப்படி வெளியேறுவது என்பதில் வந்தது தகராறு. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த உடன்படிக்கையை 2019 ஜனவரியில் ஒருமுறை, மார்ச்சில் இருமுறை, ஆக மூன்று முறை மன்றம் தள்ளியது. முதல்முறை அவருக்கு எதிராக விழுந்த வாக்கு 432, ஆதரவு 202. அவர் போனார், போரிஸ் ஜான்சன் வந்தார். வந்தவர் மன்றத்தையே ஐந்து வாரம் மூடிவைக்கப் பார்த்தார். அது செல்லாது என்று செப்டம்பர் 24-இல் உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். உடன்படிக்கையும் நகரவில்லை, மன்றமும் கலையவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள்? தனிச் சட்டம் இயற்றி, டிசம்பர் 12-இல் பொதுத்தேர்தல் நடத்தினார்கள். முடிச்சு அவிழ்ந்தது. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறியது.

யாருக்கு லாபம்? தேர்தல் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவந்த தொழிற்கட்சி, 1935-க்குப் பிறகு காணாத படுதோல்வியைக் கண்டது. தொழிலாளர் கட்சி தோற்றது நமக்கு இனிக்கவில்லை. ஆனால் உண்மையை மறைப்பது நம் வழக்கமுமல்ல. தேர்தல் நாம் விரும்பும் விடையைத் தரும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு விடை கிடைக்கும். அந்த விடைக்கு மக்கள் பொறுப்பேற்பார்கள். அதுதான் அதன் பெருமை.

நம் கோட்டையிலும் இதே நாடகம் நடந்ததே! 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரியில் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களை மக்கள் பார்க்க முடியாதபடி, நம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கூவத்தூரில் ஒரு விடுதியில் வைத்தார்கள். பிப்ரவரி 18-இல் எதிர்க்கட்சியை வெளியேற்றிவிட்டு, 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு எடுத்தார்கள். ஆகஸ்டில் 19 பேர் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-இல் சபாநாயகர் 18 பேரின் பதவியைப் பறித்தார். 2018 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி பதவிப் பறிப்பு செல்லும் என்றார்.

அந்தப் பதினெட்டில் நம் பக்கத்துத் திருப்போரூரும் ஒன்று. 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை, இருபது மாதம், அந்தப் பதினெட்டுத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் நாக்கில்லை! "மக்களிடம் போ" என்ற குரலுக்குச் செவியில்லை. கடைசியில் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. ஆட்சி கவிழவில்லை, பிழைத்துக்கொண்டது. அந்த முடிவு பிடித்தவர் உண்டு, பிடிக்காதவர் உண்டு. ஆனால் அதை வழங்கியவர்கள் வாக்காளர்கள். விடுதி அறையும் அல்ல, வழக்கு மன்றமும் அல்ல.

"தேர்தலுக்குச் செலவாகும், அதிகாரிகள் நன்றாகத்தானே நடத்துகிறார்கள், கவுன்சிலர் வந்தால் கமிஷன்தானே வரும்" என்று படித்தவர் சிலர் பேசுகிறார்கள். பாட்டாளித் தோழர்களும் சிலசமயம் அதற்குத் தலையாட்டுகிறார்கள். ஆகவே பொறுமையாகப் பதில் சொல்வோம்.

கமிஷன் வாங்கும் கவுன்சிலர் உண்டு, மறுக்கவில்லை. அவரை நாம் விரட்டலாம். தனி அதிகாரியை யார் விரட்டுவது? செலவு என்கிறீர்கள், மன்றம் இல்லாததன் செலவை யார் கணக்குப் பார்த்தது? 14-ஆவது நிதிக்குழுவின் மானியம், முறைப்படி அமைந்த உள்ளாட்சி மன்றங்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. மன்றம் இல்லாத ஊர் எந்த முகத்தோடு போய்க் கேட்கும்? கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. அந்த வழியில் எந்த இடத்தில் வாய்க்கால் குறுகியது என்பதை, அந்தத் தெருவில் வாழ்கிறவனைவிட எந்தக் கோப்பு நன்றாக அறியும்?

இது இன்று நேற்றுத் தோன்றிய நோயுமல்ல. 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் மன்றத்தை 1973-இல் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் வந்தது 1996-இல்! இருபத்து மூன்று ஆண்டு, பல ஆட்சிகள், பல முதலமைச்சர்கள். எந்தக் கொடி பறந்தாலும் தேர்தல் மட்டும் நடக்கவில்லை.

இப்போது ஏன் இதையெல்லாம் கிளறுகிறோம் என்று கேட்கலாம். 2019-இல் தேர்தல் நடந்த அதே 27 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5-ஆம் நாள் ஆயுள் முடிந்தது. தேர்தல் வரவில்லை; தனி அதிகாரிகள் வந்தார்கள். அன்று எதிர்க்கட்சியாக இருந்து "தேர்தல் எங்கே?" என்று முழங்கியவர்கள் இன்று... வேண்டாம், அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். ஆட்சி மாறியது, சாக்கு மாறவில்லை. நண்பர் செய்தாலும் தவறு தவறுதான் என்று சொல்லத்தான் தொழிலாளிக்கென்று ஒரு பத்திரிகை இருக்கிறது.

தாம்பரம் மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. எழுபது வார்டுத் தோழர்களும் இந்தத் தேதியை வீட்டுச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். மறுவரையறை வேண்டுமானால் முன்கூட்டியே செய்யட்டும். இடஒதுக்கீட்டை வழக்குக்கு இடமில்லாமல் செய்யட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நாம் இப்போதே பார்ப்போம். ஷிப்டு முடிந்து வரும் தோழன் தன் தெருவில் பத்து வீட்டுக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

ஜெயிப்போமா தோற்போமா என்பது பிறகு. ஜெயிக்கும் நாள் பார்த்துத் தேர்தல் கேட்பவன் வியாபாரி. தோற்கக்கூடும் என்று தெரிந்தும் தேர்தல் கேட்பவனே ஜனநாயகவாதி.

மன்றத்தின் கதவைப் பூட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சாவி மட்டும் எப்போதும் நம்மிடம்தான். அதைத் தொலைத்துவிடாதீர்கள், தோழர்களே!